வலிக்காத வாள்

'லார்ப்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நாடகம் மாதிரிதான், ஆனால் எழுதி வைத்த வசனம் கிடையாது, பார்வையாளர்களும் கிடையாது. வந்தவர்கள் எல்லோருமே பாத்திரங்கள். ஒருத்தர் ராஜா, ஒருத்தர் கொள்ளைக்காரர், ஒருத்தர் வைத்தியர். ஒரு தோப்பிலோ மைதானத்திலோ இரண்டு நாள் அந்தந்தப் பாத்திரமாகவே இருப்பார்கள். சண்டை வந்தால் வாளை நிஜமாகவே வீசுவார்கள், அது நிஜமாகவே மேலே படும். வாள் ஃபோமில் செய்தது. சிறுசேரி சிப்காட்டில் எங்கள் டீமில் இருக்கும் இளைஞர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "ஜி, நீங்கதான் பழசெல்லாம் தோண்டுறீங்களே, இது நம்ம ஊர்ல இருந்திருக்கா?"

"எல்லாமே நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று சொல்வது சுலபம். வாட்ஸப்பில் நல்ல வரவேற்பும் கிடைக்கும். "இல்லை, இது வெள்ளைக்காரன் சரக்கு" என்பதும் அதே அளவு சுலபம். இரண்டுமே சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று தெளிவாகச் சொல்லிக்கொள்வோம் (தொழில் பழக்கம், மன்னிக்கவும்). சினிமாவில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாள் சண்டை போட்டால் அடுத்த வீச்சு எங்கே வரும் என்று இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், ஸ்டண்ட் மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார். அங்கே பாதுகாப்பு ஆயுதத்தில் இல்லை, ஒத்திகையில் இருக்கிறது. லார்ப்பில் அந்த வசதி கிடையாது. எதிரில் நிற்பவர் எங்கே அடிப்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் அடிக்கத்தான் செய்வார், நான் ஏமாந்தால் படும். அப்படிப் பட்டும் காயம் ஆகக் கூடாது. இது வேறு வகைக் கணக்கு.

இந்தக் கணக்கைப் போடாமல் விளையாடினால் என்ன ஆகும் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1988-ல் தொடங்கி 1990 வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மகாபாரதம். இந்தி ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தெருவே உட்கார்ந்து பார்த்தது. நிகழ்ச்சி முடிந்த பத்தாவது நிமிஷம் வீட்டு விளக்குமாற்றில் பாதி ஈர்க்குச்சி காணாமல் போகும். மூங்கில் பிளாச்சு வில், ஈர்க்குச்சி அம்பு, நுனியில் தார் உருண்டை. அம்பு பட்டுக் கண்ணில் அடிபட்ட பிள்ளைகளைப் பற்றி அந்த நாட்களில் கண் மருத்துவர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். ஈர்க்குச்சியின் எடை ஒன்றுமே இல்லை. ஆனாலும் கண்ணுக்கு அது போதும். எடையைக் குறைத்தால் மட்டும் ஆயுதம் ஆபத்தில்லாததாகி விடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மெத்தென்ற ஆயுதத்துக்கு ஐரோப்பாவில் எனக்குப் பிடித்த சான்று 1278-ஆம் வருஷத்துக் கணக்கு ஒன்று. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் விண்ட்சரில் ஒரு போர் விளையாட்டு நடத்துகிறார். 38 வீரர்களுக்குச் சாமான் வாங்கிய கணக்கு இருக்கிறது. கவசம் இரும்பில்லை, பதப்படுத்திய தோல். வாள்கள் திமிங்கில எலும்பும் தோல்தாளும் சேர்த்துச் செய்தவை. (திமிங்கில எலும்பு என்று பெயர்தான், நிஜத்தில் அது திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் வளையக்கூடிய நாரடுக்கு.) மேலே வெள்ளி பூசிப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். பார்க்க வாள் மாதிரி, பட்டால் வளையும் மாதிரி. இன்றைக்கு ஃபோம் வாளுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பவர்கள் செய்வது அச்சு அசல் இதே வேலைதான்.

இந்த ஏற்பாட்டை எல்லோரும் எப்போதும் செய்தார்களா என்றால் இல்லை. 1559-ல் பிரான்ஸ் அரசர் இரண்டாம் ஹென்றி, கல்யாணக் கொண்டாட்டத்தை ஒட்டி நடந்த ஈட்டி விளையாட்டில் கலந்துகொண்டார். எதிராளியின் மர ஈட்டி உடைந்து, அதன் சிலாம்பு முகக்கவசத்தின் இடைவெளி வழியாக உள்ளே போனது. பத்து நாளில் இறந்துபோனார். உடம்பு முழுக்க இரும்பு போட்டிருந்தார். அடித்த ஈட்டியும் விளையாட்டுக்கு என்றே செய்தது. உடைந்த பிறகு அது என்னவாக மாறும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இந்த 'உடைந்த பிறகு' விஷயத்துக்குக் கீழே திரும்ப வருவேன்.

ரோமானியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி எழுதிய வெஜீஷியஸ், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிஜ வாளைவிட இரு மடங்கு எடையுள்ள மரவாள் கொடுத்ததாகச் சொல்கிறார். ஆனால் அவர்கள் அடித்தது ஆளை அல்ல. தரையில் நட்ட கம்பத்தை. ஆயுதத்தை மெத்தென்று ஆக்குவதற்குப் பதிலாக அடி வாங்குகிற இடத்தில் மனுஷனை எடுத்துவிட்டுக் கம்பத்தை வைத்துவிட்டார்கள்.

நம் ஊரும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போயிருக்கிறது என்பது என் ஊகம்.

சிறுசேரியிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே, கேளம்பாக்கம் தாண்டிப் போனால் திருப்போரூர். ஊர்ப் பெயரிலேயே போர் இருக்கிறது. முருகன் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருச்செந்தூரில் கடலிலும், திருப்போரூரில் விண்ணிலும் அசுரரோடு போர் செய்தார் என்பது தலபுராணம். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறாம் நாள் இங்கே சூரசம்ஹாரம். முருகன் கோயில்கள் பலவற்றில் நடப்பதுதான். சூரன் ஆள் உயரத்தைவிடப் பெரிய பொம்மை. உடம்பு ஒன்று, தலைகள் வேறு வேறு. யானைமுகத் தாரகன் தலையோடு வருவார். வேல் வந்து தொடும். அந்தத் தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கமுகன் தலையை மாட்டுவார்கள். அப்புறம் சூரபத்மன் தலை. கழற்றி மாட்டும் மாட்யூல் என்று எங்கள் ஆட்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கூட்டத்தில் நிற்கிற யாருக்கும் வேலால் அபாயம் இல்லை. வேல் வேகமாக வரவேண்டிய தேவையே இல்லாமல் சடங்கை அமைத்திருக்கிறார்கள். தொட்டால் போதும், தலை போய்விடும்.

இதைவிட லார்ப்புக்கு நெருக்கமானது படுகளம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கோடையில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் படுகளம், அன்று மாலை தீமிதி. படுகளத்துக்காக ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும், இருபது முப்பது அடி சாதாரணம். காலையில் பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மோதுவார்கள். கடைசி அடி, தொடையில் விழ வேண்டிய அந்தப் பிரசித்தமான அடி, மண் துரியோதனனின் தொடையில் விழும். அங்கிருந்து எடுக்கும் சிவப்பைத் தடவித்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

நன்றாகக் கவனித்தால் எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு இது. துரியோதனன் இரண்டு பேர். ஒருத்தர் பேசுகிறார், ஓடுகிறார், பயப்படுகிறார். இன்னொருத்தர் அடி வாங்குகிறார். பீமன் முழு பலத்தோடு கதையை இறக்கலாம், கையை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஃபோம் வாளில் எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான்: எவ்வளவு மெத்தென்று செய்தாலும் அடிப்பவர் மனசுக்குள் கொஞ்சம் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். படுகளத்தில் அந்த அடக்கம் வேண்டாம். களிமண்தான் அங்கே ஃபோம், அது ஆயுதத்தின் மேல் இல்லாமல் எதிராளியின் பக்கம் இருக்கிறது. முடிந்ததும் அந்த மண்ணை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

அதோடு, பார்வையாளர் என்று அங்கே யாரும் இல்லை. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள், மண் குழைத்தவர்கள், சூழ்ந்து நிற்பவர்கள், எல்லோருக்கும் பாரதத்தில் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் லார்ப்புக்கு நெருக்கம் என்றேன். பக்தியை விளையாட்டு என்று சொல்லவில்லை, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது கதையையும் ஆயுதத்தையும் மனித உடம்பையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி.

அந்தத் தொழில்நுட்பத்தில் இன்னொரு நுணுக்கம். கூத்தில் கிரீடம், புஜத்தில் கட்டுவது, மார்பில் கட்டுவது எல்லாமே மரக்கட்டை ஆபரணங்கள், மேலே கண்ணாடித் துண்டு பதித்தவை. கட்டைக்கூத்து என்ற பெயரே இதனால்தான். (தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தார் அதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறார்கள்.) இந்த ஆபரணங்களுக்கு எடுத்த மரம் கல்யாண முருங்கை. வேலிக்கு நடுகிற, தச்சர் மதிக்காத, லேசான மரம். நாற்காலி செய்ய உதவாது. ஆனால் ராத்திரி முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆட அதைவிட நல்ல மரம் கிடையாது. இரும்பு மாதிரித் தெரியவேண்டும், இரும்பாக இருக்கக் கூடாது. விண்ட்சரில் திமிங்கில நாருக்கு வெள்ளி பூசியவரும் கல்யாண முருங்கையில் கண்ணாடி பதித்தவரும் சந்தித்திருந்தால் பேச விஷயம் இருந்திருக்கும்.

ஆயுதம் லேசு, அடி மண்ணில். எல்லாம் சரி. ஆடுகிறவர் தான் ஆடுகிறோம் என்பதையே மறந்துவிட்டால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-லும் ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990-லும் வெளியிட்ட புத்தகங்களில் இதைப் பற்றி விரிவாகவே இருக்கிறது. துகில் உரியும் இரவிலும் படுகளத்திலும் வேடக்காரர்களுக்கு ஆவேசம் வருவதுண்டு. பார்ப்பவர்களுக்கும் வரும். அப்போது கையில் இருப்பது கல்யாண முருங்கையா இரும்பா என்பது இரண்டாம் பட்சம். தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் போடும்போது நரசிம்மர் முகமூடி அணிபவர் விரதம் இருந்து வருவார். அந்த முகமூடியே பூஜையில் இருப்பது. இரணியன் மேல் பாயப் போகிறவரைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கதையில் யாரும் இல்லை. தேவரும் இல்லை, அசுரரும் இல்லை. ஆனால் மேடையில் அவர்கள் இருந்தே ஆக வேண்டும்.

இன்றைய லார்ப் குழுக்களில் இந்த வேலைக்கு மார்ஷல் என்று பெயர். தனி நிறச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நிற்பார். "நிறுத்து" என்று ஒருவர் கத்தினால் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே உறைந்து நிற்க வேண்டும். மெலட்டூரில் நரசிம்மரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தச் சட்டை மட்டும்தான் இல்லை.

இப்போது சிலம்பம். அங்கே மண் துரியோதனன் கிடையாது. எதிரே நிற்பது ஆள், அடி எங்கே வரும் என்று தெரியாது, கம்போ மூங்கில். நின்றால் புருவத்தையோ நெற்றியையோ தொடுகிற உயரம். அதில் பஞ்சு கட்டும் வழக்கம் எனக்கு எங்கும் தட்டுப்படவில்லை. அதற்குப் பதில் விதியை மாற்றினார்கள். அடித்து வீழ்த்துவது வெற்றி இல்லை, தொடுவதுதான் வெற்றி. கம்பின் நுனியில் ஒட்டுகிற பொடியைத் தடவி, எதிராளி உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுகிற முறை உண்டு. இது ரொம்பப் புத்திசாலித்தனமான விதி. பொட்டு வைக்க பலம் தேவையில்லை, பலமாக அடித்தால் பொட்டு பெரிதாகிவிடப் போவதும் இல்லை. ஓங்கி அடிக்க வேண்டும் என்ற ஆசையையே விதி வெட்டிவிடுகிறது. பழகாத கைக்கு இது சரிப்படாது என்பது வேறு விஷயம். வருஷக்கணக்கில் ஆசானிடம் அடி வாங்கியவரால்தான் வேகமாகச் சுழலும் கம்பை உடம்பிலிருந்து அரை அங்குலத்தில் நிறுத்த முடியும். அந்த வருஷங்கள்தான் சிலம்பத்தில் பஞ்சுக்குப் பதிலாக இருப்பவை.

இந்தியாவுக்குள் ஆயுதத்தையே மெத்தென்று ஆக்கியவர்களைத் தேடினால் மணிப்பூர் போக வேண்டும். அங்கே செய்பி என்று ஒரு கோல், மெதுவான தோலால் உறை போட்டது. கூடத் தோல் கேடயம். வாளும் கேடயமுமாக இருந்த பழைய சண்டைமுறை, கோலும் கேடயமுமான விளையாட்டாக மாறியிருக்கிறது. பஞ்சாபின் கட்கா விளையாட்டிலும் வாளின் இடத்தில் கம்புதான், கைப்பிடியில் தோல். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது மணிப்பூரின் தாங்-தா, கட்கா, களரிப்பயிற்று எல்லாம் போட்டியில் இருந்தன. நம் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இதே பிரச்சினைக்கு நான்கு ஊர்க்காரர்கள் கண்ட நான்கு விடைகளும் ஒரே போட்டிக்கு வந்து சேர்ந்தன.

ஜப்பானியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிளந்த மூங்கிலைத் தோல்பையில் நுழைத்துப் பயிற்சி வாள் செய்துவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முகக்கவசமும் கையுறையும் சேர, முழு வேகத்தில் அடிக்க முடிந்தது. இன்றைய கெண்டோ அதிலிருந்து வந்ததுதான்.

அமெரிக்கப் பக்கம் கதை திரும்புவது 1966-ல். பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் மே தினத்தன்று நடந்த இடைக்கால வேஷ விருந்து, ஒரு சங்கமாக வளர்ந்தது. அவர்கள் இன்று வாளுக்குப் பயன்படுத்துவது பிரம்பு. ஆமாம், வாத்தியார் கையில் இருந்த அதே பிரம்பு, கொஞ்சம் தடியானது, குறைந்தது ஒன்றேகால் அங்குலம். ஏன் மூங்கில் இல்லை, ஏன் வேறு மரம் இல்லை? மூங்கில் உள்ளே வெற்றிடம், உடைந்தால் நீளமான கூர்ச் சிலாம்பாகப் பிளக்கும். பிரம்பு உள்ளே முழுக்க நார். அடித்து அடித்து நைந்துபோகும், தும்புதும்பாகும், ஈட்டியாக முறியாது. சிலம்பம் கற்பிப்பவர்கள் சிலர் ஆரம்பக்காரர்களுக்குப் பிரம்பு கொடுப்பதும் இதற்காகத்தான். இரண்டாம் ஹென்றியின் எதிராளி கையில் பிரம்பு இருந்திருந்தால் பிரெஞ்சு வரலாறு கொஞ்சம் மாறியிருக்கும்.

ஆனால் பிரம்பு வலிக்கும், அதற்குக் கனத்த கவசம் வேண்டும். கவசம் வாங்கக் காசு வேண்டும். 1977-ல் வாஷிங்டன் பக்கத்தில் டாகொர்ஹிர் என்ற குழு தொடங்கியபோது வேறு வழியில் போனார்கள்: உள்ளே ஒரு குழாய் அல்லது கம்பு, மேலே ஃபோம், அதற்கு மேல் துணி. கவசம் கட்டாயம் இல்லை. கையில் பட்டால் கை போச்சு, காலில் பட்டால் மண்டியிட்டுத்தான் சண்டை போடணும். பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியது அடி வாங்கியவர். 1982-ல் இங்கிலாந்தில் பெக்ஃபோர்டன் கோட்டையில் ட்ரெஷர் ட்ராப் என்ற விளையாட்டு ஆரம்பித்து, அங்கே இந்த வழக்கம் வேர் பிடித்தது. ஆயுதத்தை மெத்தென்று ஆக்கியதும் முக்கியமான ஒன்று நடந்தது. வருஷக்கணக்கில் பழகாதவரும் களத்தில் இறங்க முடிந்தது. ஆசான், விரதம், ஒத்திகை எதுவும் இல்லாமல் சனிக்கிழமை காலையில் வந்து சண்டை போடலாம். லாபம் இது. நஷ்டம் என்னவென்று மெலட்டூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி நடைமுறை. இது வெறும் வாசிப்போடு நிற்கவில்லை. எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் பொன்னியின் செல்வன் படம் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாயை வைத்து ஒருவரையொருவர் விளாச ஆரம்பித்தார்கள். தடுத்தால் மொட்டை மாடியில் போய் அடித்துக்கொள்வார்கள். சரி, நானே வாள் செய்து தருகிறேன் என்றேன். கூட்டத்தில் ஓர் அம்மா நேராகவே கேட்டார்: "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?" நியாயமான கேள்வி. பட்டுத் தெளியக்கூடிய விஷயம் இல்லை இது. அவர் பையனுக்கு எட்டு வயது.

எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் கணக்கு வேண்டும். வீச்சில் ஆயுதத்தின் பயனுள்ள எடை 200 கிராம், வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் 10 ஜூல். வெறும் குழாய் முழங்கை எலும்பில் பட்டு 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை 5000 நியூட்டன். இடையில் ஃபோம் 2 சென்டிமீட்டர் அமுங்கினால் அதே அடி 500 நியூட்டன். பத்தில் ஒரு பங்கு. ஃபோமின் மந்திரம் அவ்வளவுதான், நிற்பதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் முழுக்க அமுங்கிவிட்டால் உள்ளே இருக்கும் குழாய்தான் அடிக்கும். சோபா பஞ்சு இதற்கு உதவாது, விரலால் அழுத்தினாலே அடிவரை போய்விடும். காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும் ஃபோம் வேண்டும். யோகா மேட் அந்த வகை. ஏசி செம்புக் குழாய்க்கு மேல் மாட்டுகிற கருப்புக் குழாயும் அந்த வகை. பாரிமுனைப் பக்கம் எல்லாமே கிடைக்கும்.

கண்ணுக்கு வருவோம், ஏனென்றால் கேள்வி அதுதான். மேலே சொன்ன கணக்கெல்லாம் வீச்சுக்கு. குத்துக்கு அது போதாது. கண்குழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அகலம். அதைவிடச் சின்னதான எந்த நுனியும், எவ்வளவு மெத்தென்றிருந்தாலும், உள்ளே போய் விழியை அழுத்தும். ஈர்க்குச்சி அம்பு செய்த வேலை. அதனால்தான் டாகொர்ஹிர் மாதிரிக் குழுக்களில் வாள்நுனி இரண்டரை அங்குல வளையத்துக்குள் நுழைகிறதா என்று சோதிக்கிறார்கள். நுழைந்தால் அந்த வாள் களத்துக்கு வராது. நானும் ஓர் அட்டையில் வட்டம் வெட்டி வைத்துக்கொண்டேன். அளவு அழகைக் கெடுக்கிறது, நுனி புடைத்த வாள் பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

அடுத்து, குழாயின் முனை. நாளாக நாளாக அது ஃபோமை உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, இந்த வகை வாளில் நான் மிகவும் பயப்படுவது இதைத்தான். முனையை மூடி போட்டு அடைத்து, அதன் மேல் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தடித்த தோல் வட்டம் ஒன்று, அதற்கு மேல் மூன்று விரல்கடை ஃபோம். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர். இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, நாம்தான் செய்யணும். உள்ளே எலக்ட்ரிக் வேலைக்கான மெல்லிய குழாய் வேண்டாம், வெயிலில் காய்ந்தால் கண்ணாடி மாதிரி உடைகிறது. நான் முடிவில் பிரம்பு போட்டேன். காரணம் மேலே சொல்லிவிட்டேன். மேலுறைக்கு டேப் சுற்றாமல் பழைய டி-ஷர்ட் துணி. டேப் இறுக இறுக ஃபோம் கட்டையாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். "ஒன்றும் ஆகாது" என்று இல்லை. தலையில் வெட்டக் கூடாது, குத்தக் கூடாது, பிளாஸ்டிக் கண்ணாடி போடாமல் களத்தில் இறங்கக் கூடாது, ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு வாளின் நுனியையும் ஒரு பெரியவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், பெரியவர் ஒருவர் எப்போதும் நடுவில் நிற்க வேண்டும். படித்துவிட்டு, அந்த நடுவில் நிற்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஆரஞ்சு நிறத் துப்பட்டா, கழுத்தில் விசில். பிள்ளைகளுக்கு என்னைவிட அவரிடம்தான் பயம்.

வாள் இதுவரை ஒன்பது செய்திருக்கிறேன். இரண்டில் நுனி தேய்ந்து தோல் வட்டம் கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்ததால் பிரித்துப் போட்டாகிவிட்டது. வேல் மட்டும் சரியாக வரவில்லை. வேல் என்றாலே குத்துவது, அதன் இலையோ கூர்மையாக இருந்தால்தான் வேல். வட்டத்துக்குள் நுழையாத அளவுக்கு நுனியை அகலமாக்கினால் அன்னக்கரண்டி மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகளே சிரிக்கிறார்கள். கடைசியில் திருப்போரூர் வழியைத்தான் எடுத்துக்கொண்டோம். வேல் வைத்திருப்பவர் ஆளைத் தொடக் கூடாது, சூரனை மட்டும் தொடலாம். சூரன் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி. தலைகள் கழற்றி மாட்டுகிற மாதிரி. யானைமுகன் தயார், சிங்கமுகனுக்குப் பிடரி மயிர் ஒட்டுகிற வேலை பாக்கி இருக்கிறது.